பின் சக்கரத்து எலுமிச்சை

பதினாறு வருஷம் நான் வண்டிகளின் முதுகைப் பார்த்து வாழ்ந்தவள். ஒக்லாண்டு நகரத்து ஒனிஹங்காவில் நம்முடைய பட்டறை வாசலுக்கு யூட் எதுவும் முகத்தைக் காட்டி வராது. பின்பக்கமாக, தயங்கித் தயங்கி, பீப் பீப் என்று முனகிக்கொண்டுதான் வரும். முன்னால் நாலைந்து பேர் இருக்க இடம், பின்னால் திறந்த தட்டு. இந்த நாட்டில் சொந்தத் தொழில் செய்கிற பாதிப் பேருக்கு அந்த பிக்கப் வண்டிதான் கடை, அதுதான் கணக்கு எழுதுகிற கந்தோர், சில நாட்களில் சாப்பாட்டு மேசையும் அதுதான். அதில் எதைப் பூட்டலாம், எதைப் பூட்டக் கூடாது என்று சொல்வது என் வேலை. படகு இழுக்கிற கொக்கி, ஏணி வைக்கிற சட்டம், மழைக்கு மூடுகிற கூண்டு. பூட்டுகிறவர்கள் வேறு. சொல்கிறவள் நான்.

போன வருஷம் என் கழுத்து எலும்பு என்னைக் கேட்காமலே ஓய்வு எடுத்துக்கொண்டது. நானும் அதன் பின்னாலேயே ஏவன்டேல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் கேக் வெட்டிவிட்டு, ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எந்த வண்டிக்கு எந்தக் கொக்கி என்று எழுத மாட்டேன். அது பட்டியலில் இருக்கிறது, பட்டியலுக்கு என்னைவிட ஞாபகம் கூட. நான் பிழைவிட்ட கதையை எழுதுகிறேன். பனி விழாத ஊரில் இருந்துகொண்டு, பனி தள்ளுகிற பிளேட்டைத் தேர்ந்துகொடுத்த கதை.

அந்தப் பிளேட்டை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். முற்றத்து மூலையில், இடுப்பளவு உயரத்தில், வளைந்த சிவப்பு இரும்புத் தகடு. ஸ்னோ பிளவ். வண்டியின் மூக்கில் பூட்டினால் தரையில் கிடக்கிற பனியை வழித்து ஒதுக்கும். யாருக்கோ கனடாவிலிருந்து தருவித்தது, அவர் மனம் மாறிப் போய்விட்டார். இரண்டு குளிர்காலமாக அது நின்ற இடத்திலேயே நின்றது. மனுகாவ் கடலிலிருந்து வருகிற உப்புக் காற்றும் சாய்ந்த மழையும்தான் அதற்குத் தெரிந்த குளிர். நாங்கள் அதன்மேல் நனைந்த மழைக்கோட்டுகளைக் காயப்போட்டோம். பூட்டுகிற வேலை செய்கிற செல்வம், மதுரைக்காரன், அதற்கு முறம் என்று பேர் வைத்தான். நான் சுளகு என்று திருத்துவேன்.

"ரெண்டும் ஒண்ணுதாங்கா. புடைக்கத்தான் நெல்லு வர மாட்டேங்குது" என்பான்.

நெல் வந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து என்று நினைக்கிறேன், ஜூன் தொடக்கம், இந்த நாட்டில் குளிர் தொடங்குகிற மாதம். கவுண்டர் கதவைத் தள்ளிக்கொண்டு, கழுத்தைச் சுற்றி மப்ளருடன் ஒரு பெண் உள்ளே வந்தார்.

"பசியாறிட்டீங்களா?" என்றார்.

மலேசியாக்காரர்கள் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வது அது. இத்தனை வருஷம் முதலாளியிடம் கேட்டும் எனக்கு ஒவ்வொரு தரமும் உண்மையாகவே வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். பெயர் பரமேஸ்வரி, ஈப்போவில் பிறந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூப்பு. ஒக்லாண்டிலிருந்து தெற்கே நாலு மணி நேர ஓட்டத்தில், எரிமலையின் காலடியில் இருக்கிற ஒஹாகுனேயில், அவரும் தங்கச்சியும் பன்னிரண்டு அறை மோட்டல் ஒன்றை நடத்தினார்கள். நம் முதலாளியும் மலேசியாக்காரர், தூரத்துப் பழக்கம்.

"எங்க முற்றம், பக்கத்துல ரெண்டு லாட்ஜு, அப்புறம் ஊரு கிளினிக்கு. நாலு இடத்துக்கும் இந்தக் குளிர்காலம் நான்தான் பனி தள்ளித் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். "கிளினிக்குக்கு மட்டும் காலைல ஏழரைக்குள்ள வழி திறந்திருக்கணும். நர்ஸு வரணும், ஆம்புலன்ஸு வரணும்."

"வண்டி?"

"வெளியில நிக்கிறதுதான்." என் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தார். "இருக்கிறதே அது ஒண்ணுதான், ஸ்டெல்லா. கட்டில் துணி அதுலதான் லாண்டரிக்குப் போகுது. கெஸ்ட்டுங்க அதுலதான் மலைக்குப் போறாங்க. வண்டிக்கு ஒண்ணுன்னா குளிர்காலம் போச்சு. எங்க ஊர்ல குளிர்காலம் போச்சுன்னா மோட்டலே போச்சு."

உள்ளறையிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "பரமேஸ், உனக்குன்னே ஒண்ணு வெளியில காத்துக்கிட்டு இருக்கு லா. ரெண்டு வருஷமா."

பரமேஸ் அக்கா ஜன்னலால் அந்தச் சிவப்புத் தகட்டைப் பார்த்தார். அதன்மேல் செல்வத்தின் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"தாங்குமா?"

நான் வண்டியின் புத்தகத்தைத் திறந்தேன். மூன்றரை டன் இழுக்கும் என்று போட்டிருந்தது. பிளேட்டின் அகலத்தைப் பார்த்தேன், வண்டியைவிட ஒரு சாண் கூட, நல்லது. முந்நூறு கிலோ சொச்சம் பாரம். மூன்றரை டன் இழுக்கிறவனுக்கு முந்நூறு கிலோ ஒரு தோள்பையா என்ன.

"ஓம். தாங்கும்" என்றேன்.

ஒரு மூச்சுக்குள் சொன்னேன். அந்த மூச்சைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

மூன்று நாளில் பூட்டியாயிற்று. கீழே இறக்கியதும் வண்டி முன்னுக்குக் குனிந்தது.

"மூக்கு தொங்குதுங்கா" என்றான் செல்வம். "பொண்ணு பாக்கப் போயி, பொண்ணு வேணாம்னு சொல்லிட்ட மாப்ள மாதிரி இருக்கு."

குனிந்த வண்டிக்கு என்ன மருந்து என்று எங்களுக்குத் தெரியும். படகு இழுத்து முதுகு வளைந்த எத்தனை யூட்டுக்குப் பின்பக்கம் தடித்த ஸ்பிரிங் போட்டு நிமிர்த்தியிருக்கிறோம். அதையே முன்பக்கம் செய்தோம். வண்டி நிமிர்ந்தது. மட்டப்பலகை வைத்துப் பார்த்தான் செல்வம், குமிழி நடுவில் நின்றது. எனக்குச் சந்தோஷம். நிமிர்ந்து நிற்கிறவர்கள் எல்லோரும் சுமை இல்லாதவர்கள் என்று நினைக்கிற வயது எனக்கு அப்போதே தாண்டிவிட்டது, ஆனால் வண்டி விஷயத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு சோதனை. பனிக்கு எங்கே போவது? துறைமுகப் பக்கம் மீன் பதப்படுத்துகிற இடத்தில் கேட்டு, இரண்டு பெரிய தொட்டி நிறைய ஐஸ் துகள் வாங்கிவந்து முற்றத்தில் கொட்டினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம், மேலே விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானங்கள், கீழே மீன் மணக்கிற பனி. செல்வம் வண்டியை ஓட்டினான். பிளேட்டு ஐஸைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிச் சுவரோரம் தள்ளியது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் வந்து படம் பிடித்தார்கள். முதலாளி கைதட்டினார்.

"பாத்தீங்களா? வெண்ணெய் மாதிரி" என்றார்.

"வெண்ணெய்ல ஏன் பாஸ் கெளுத்தி வாசம் வருது" என்றான் செல்வம்.

எல்லோரும் சிரித்தோம். காய்ந்த தாரில், காய்ந்த ஐஸ் துகளை, பத்து மீட்டர் தள்ளிவிட்டு, ஒரு மலையடிவாரத்துக் குளிர்காலத்தைச் சோதித்துவிட்டதாக நம்பினோம்.

சனிக்கிழமை காலை பரமேஸ் அக்கா வண்டி எடுக்க வந்தார். திங்கட்கிழமை பனி என்று வானிலை சொல்லியிருந்தது. கோயிலில் பூசை போட்டுவிட்டு அப்படியே தெற்கே கிளம்புவதாகத் திட்டம்.

"நீங்க ரெண்டு பேரும் வாங்க. பூட்டுனவங்க பக்கத்துல நிக்கணும்" என்றார்.

நான் மன்னார்க்காரி, கத்தோலிக்கச்சி. வண்டிப் பூசையில் நிற்க எனக்கொரு கூச்சமும் இல்லை. எங்கள் கரையில் புது வள்ளத்துக்குப் பாதர் தீர்த்தம் தெளிக்காமல் யார் கடலில் இறக்கினார்கள்? செல்வம் தன் பங்குக்கு நாலைந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தான். மவுண்ட் ஆல்பர்ட்டில் அவன் வாடகை வீட்டு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மரம் தொங்கும்.

கோயிலில் கார் நிறுத்த இடமில்லை. வண்டி ஓரத்துப் புல்லில் நின்றது, இரவு மழை குடித்த புல். ஐயர் கண்ணாடியில் சந்தனம் வைத்தார், சிவப்புத் தகட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார், நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு எலுமிச்சை வைத்தார்.

"மெதுவா எடுங்கோ அம்மா."

பரமேஸ் அக்கா எடுத்தார். முன் சக்கரங்கள் இரண்டும் ஏறி இறங்கின. எலுமிச்சை இரண்டும் தோலும் சாறுமாகப் புல்லோடு அப்பிப்போயின. இடது பின் சக்கரம் ஏறவில்லை. வண்டி ஒரு கணம் நிற்க, அந்தச் சக்கரம் மட்டும் நின்ற இடத்தில் சுழன்றது. எலுமிச்சை முழுசாகப் பின்னால் தெறித்துவந்து செல்வத்தின் முழங்காலுக்குக் கீழே அடித்தது.

அவன் குனிந்து எடுத்துத் துடைத்தான். "கீறல் கூட இல்லக்கா. ஜூஸ் போடலாம்."

பரமேஸ் அக்காவின் முகம் கண்ணாடிக்குள் வெளுத்துப்போயிருந்தது. ஐயர் அமைதியாக இன்னொரு பழம் வைத்தார். "ஈரப் புல்லு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கோ." செல்வம் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிக் கொடுத்தான், இந்தத் தரம் நசுங்கியது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

எனக்கு வரவில்லை.

பரமேஸ் அக்காவுக்கு அது சகுனம். செல்வத்துக்கு அது ஈரப் புல், அவன் சொன்னதிலும் பிழை இல்லை. எனக்கு அது என்னவென்று உடனே தெரியவில்லை, பல்லிடுக்கில் தும்பு மாட்டின மாதிரி உறுத்தியது, அவ்வளவுதான். சுழல்கிற சக்கரம் இலேசான சக்கரம். ஆனால் நாங்கள் வண்டியிலிருந்து எதையும் எடுக்கவில்லையே. முந்நூறு கிலோ கூட்டியல்லவா இருக்கிறோம். கூட்டின வண்டி எப்படி இலேசாகும்?

கோயில் விளையாட்டு மூலையில் இரண்டு பிள்ளைகள் சீசோப் பலகையில் இருந்தார்கள். பெரியவள் தன் பக்கத்து நுனிக்கு நகர, சின்னவன் மேலே எழும்பி அந்தரத்தில் காலை ஆட்டினான். சின்னவனின் நிறை குறையவில்லை. அவன் நிறையும் இப்போது நடுக்கட்டைக்குத்தான் போகிறது. வண்டிக்கு முன் அச்சுதான் அந்தக் கட்டை, மூக்கில் பிளேட்டு கனக்கப் பின் சக்கரம் எழும்புகிறது.

நான் ஓடிப்போய் வண்டியின் முன்கதவைத் திறந்தேன். கதவுத் தூணில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும், உங்களுக்குத் தெரியும். முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று இரண்டு வரி. அன்றைக்கு நான் இந்தத் தொழிலில் பன்னிரண்டு வருஷம். இரண்டாவது வரியை ஆயிரம் தரம் வாசித்திருப்பேன். முதலாவது வரியை அன்றுதான் முதல்முதலாக வாசித்தேன். படகும் டிரெய்லரும் இழுக்கிற ஊரில் வண்டிக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"என்னம்மா தேடுற?" என்றார் பரமேஸ் அக்கா.

"அக்கா, நேரா தெற்கே போகாதேங்கோ. ஒருக்கா என்னோட வாங்கோ. நிறுத்துப் பாப்பம்."

"பூசை போட்ட வண்டிய தராசுல ஏத்தவா?"

"ஓம்."

முதலாளிக்குப் போன் செய்தேன். சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

"ஸ்டெல்லா, வண்டி ரோட்டுக்குப் போயிடுச்சு, எலுமிச்சையும் நசுங்கிடுச்சு. இப்ப ஏன் லா?" என்றார்.

"ஒண்டு நசுங்கேல்ல பாஸ்."

"நீ எப்ப இருந்து இதெல்லாம் பாக்க ஆரம்பிச்ச?"

"நான் எலுமிச்சையப் பாக்கேல்ல. சும்மா சுழண்ட சில்லைப் பாத்தனான்."

"நிறுத்துப் பாத்து, கூட இருந்தா?"

"கழட்டுறது."

"கழட்டிட்டா திங்கக்கிழமை அவ என்ன செய்வா?"

அது நியாயமான கேள்வி. மனிதர் பேராசைக்காரர் அல்ல, அவருக்கு பரமேஸ் அக்காவின் வாக்கும் தெரியும்.

"தெரியாது பாஸ்" என்றேன்.

"சரி. ஆனா நீயே அவகிட்ட சொல்லு. என்னால முடியாது."

ஒனிஹங்காவில் பழைய இரும்பு வாங்குகிற இடம் சனிக்கிழமை மத்தியானம்வரை திறந்திருக்கும். அங்கே எடை மேடை உண்டு. முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறும்படி வண்டியை நிறுத்தச் சொன்னேன். பரமேஸ் அக்கா உள்ளேயே இருந்தார். பக்கத்து இருக்கையில் தங்கச்சிக்கு வாங்கிய அரிசி மூட்டை. கூண்டுக்குள் இருந்த ஆள் எண்ணைத் துண்டுக் கடதாசியில் எழுதி நீட்டினார்.

கதவுத் தகட்டின் முதல் வரியைவிட இருநூறு கிலோவுக்கு மேல் கூட. நாங்கள் போட்ட தடித்த ஸ்பிரிங் சுமையைக் குறைக்கவில்லை, அதை எங்கள் கண்ணிலிருந்து மறைத்தது மட்டும்தான். குமிழி நடுவில் நின்றது, அச்சு நசுங்கிக்கொண்டிருந்தது.

செல்வம் மெல்லச் சொன்னான். "அக்கா, பின்னாடி தட்டுல பத்து மணல் மூட்டை போட்டா சமமாயிடாது?"

"பின் சில்லுக்குப் பிடி வரும். முன்னுக்கு இருக்கிற சுமை பெரிசாக் குறையாது, தம்பி. இன்னும் ஒரு பாரம் கூடும். பிழைக்கு மேல பிழை வச்சாச் சமமா இருக்கும், சரியா இருக்காது."

பரமேஸ் அக்கா இறங்கி வந்தார். பழைய பிரிட்ஜ்களும் நசுங்கிய கார்களும் மலையாகக் கிடந்த இடத்தில், மழைத் தூறலில், பொட்டு வைத்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னேன்.

"அக்கா, இது வண்டியின்ர பிழை இல்ல. பிளேட்டின்ர பிழையும் இல்ல. நான் பாத்த வரி பிழை. வண்டி எவ்வளவு இழுக்கும் எண்டு பாத்தன். மூக்கு எவ்வளவு தூக்கும் எண்டு பாக்கேல்ல."

"ஓடுமா ஓடாதா?"

"ஓடும். எத்தனை நாள் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. மலை இறக்கத்தில பிரேக் பிடிக்கேக்க உள்ளுக்கு உங்கட ஆக்கள் இருப்பினம்."

அவர் மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"நேத்து சொல்லியிருந்தா நேத்தே வேற வழி பாத்திருப்பேன் இல்ல?"

"ஓம்."

"போன வாரம் சொல்லியிருந்தா?"

"ஓம் அக்கா."

"சும்மா ஓம் ஓம்னு சொல்லாத. கழட்டு."

பட்டறைக்குத் திரும்பி வந்து செல்வம் கழற்றினான். அவன் கழற்றுகிற சத்தத்துக்கு நடுவே நான் தென்தீவில் இந்தப் பொருள் விற்கிற ஓர் இடத்துக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமை, யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒருவர் எடுத்தார். பின்னால் நாய் குரைத்தது. பெயர் சொன்னார், நான் பதற்றத்தில் வாங்கிக்கொள்ளவில்லை, பிறகு கேட்க வெட்கமாகப் போய்விட்டது. இன்றுவரை அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் எனக்கு யார் வேலை பழக்கினார்கள் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். மொத்தம் இருபது நிமிஷம்.

நான் வண்டியின் மாடலைச் சொல்ல ஆரம்பித்தேன். அது இருக்கட்டும் என்றார். வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. போனைக் கையால் பொத்திக்கொண்டு பரமேஸ் அக்காவிடம் கேட்டேன்.

"லாட்ஜு ரெண்டும் அகலம். கிளினிக்கு, ஆம்புலன்ஸ் ஒண்ணு நுழையும், பக்கத்துல ஆளு நிக்க முடியாது."

கீழே தாரா, கல்லா?

"எங்களுது சரளைக் கல்லு. கிளினிக்கு தாரு. நடுவுல சாக்கடை மூடி ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்குது, எல்லாரும் அதுலதான் இடிப்பாங்க."

தள்ளின பனியை எங்கே வைப்பார்?

"இடது பக்கந்தான் வைக்கணும். வலது பக்கம் கேஸ் சிலிண்டரு." கேட்டு முடிக்கும் முன்பே சொன்னார். "பின்னாடி வச்சா உருகி வாசலுக்கே வந்து ராத்திரி கண்ணாடியா உறைஞ்சுடும்."

பிளேட்டைத் தனியாகக் கழற்றி மாட்ட ஆள் இருக்கிறதா?

"நான்தான். தங்கச்சிக்கு முதுகு சரியில்ல."

ஒவ்வொரு பதிலையும் நான் ஆங்கிலத்தில் போனுக்குள் சொல்லச் சொல்ல எனக்குக் காது சுட்டது. இந்தப் பெண்மணி எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு என் கவுண்டருக்கு முன்னால் நின்றிருக்கிறார். நான் கேட்டது, "வண்டி?" என்ற ஒரே கேள்வி.

அந்த மனிதர் கடைசியில் சொன்னார்: உங்களுக்கு வேண்டியது பெரிய பிளேட்டு அல்ல. ஒடுங்கியது, இலேசானது, இதில் பாதி நிறைகூட வராது. சரளைக் கல்லில் உரசாமல் கீழே சப்பாத்து மாதிரித் தாங்கி வைத்தது, சாக்கடை மூடியில் இடித்தால் விளிம்பு மடங்கிக் கொடுப்பது. கிறைஸ்ட்சேர்ச்சில் ஒன்று இருக்கிறது, புதன்கிழமை ஒஹாகுனேயில் இறங்கும்.

"ஆனா பெரியது ஒருக்காப் போய்ச் செய்யிறதை இது ரெண்டு தரம் போய்த்தான் செய்யும், அக்கா" என்றேன்.

"நான் துணி துவைக்கிறதே ரெண்டு தரந்தான்" என்றார். சிரிக்கவில்லை. "புதன்கிழமை சரி. திங்கள், செவ்வாய்?"

செல்வம் சாவியை நீட்டினான். அவர் வெறும் மூக்கோடு வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். சந்தனப் பொட்டு வைத்த சிவப்புத் தகடு மறுபடி மூலைக்கு வந்தது. அதன்மேல் அன்று யாரும் கோட்டு போடவில்லை.

புதன் காலை செல்வமும் நானும் பட்டறை வண்டியில் கிளம்பினோம். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன், பாதையோர வேலிக்கம்பங்களின் தலையில் வெள்ளைத் தொப்பி. பிறகு வயல் வெள்ளை. பிறகு எல்லாம். நாற்பத்தெட்டு வயதில் நான் முதல்முதலாகப் பனியைத் தொட்டேன், மோட்டல் வாசலில். மீன் ஐஸ் போல உதிரும் என்று நினைத்தேன். அது ஈரச் சீமெந்து மாதிரி கையில் அப்பியது. அள்ளினால் கனத்தது. வெள்ளிக்கிழமை கைதட்டியது ஞாபகம் வந்தது.

பரமேஸ் அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். திங்களும் செவ்வாயும் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

"கீழ் ரோட்டுல ஒருத்தன் கரட் தோட்டம் வச்சிருக்கான். டிராக்டர் இருக்கு. போன வருஷம்வரைக்கும் கிளினிக்குக்கு அவன்தான் பனி தள்ளி வழி விட்டான், நான்தான் கேட்டு வாங்கிட்டேன். 'உன் யூட்டால முடியாது'ன்னு அப்பவே சொன்னான். திங்கக்கிழமை காலைல அவன் கதவத்தான் போய்த் தட்டுனேன்." தேத்தண்ணியை ஆற்றினார். "வந்தான். ஒரு வார்த்த சொல்லல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

என் பிழையின் நிறை இருநூறு கிலோ அல்ல, அந்தக் கதவைத் தட்டின கைதான். இதை எந்த மேடையிலும் நிறுக்க முடியாது, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பின்னேரத்துக்குள் செல்வம் இலேசுப் பிளேட்டைப் பூட்டினான். பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடச் சொன்னேன், வண்டி குனிந்தால் குனிவது எங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கொஞ்சம் குனிந்தது. அதே கரட் தோட்டக்காரரிடம், கரட் கழுவுகிற கொட்டகையில், எடை மேடை இருந்தது. இந்தத் தரம் கதவைத் தட்டியது நான். முன் அச்சை நிறுத்தோம். தங்கச்சியையும் ஏற்றி நிறுத்தோம். கட்டில் துணி மூட்டைகளோடு, பின்னால் நாலு மணல் மூட்டையோடு நிறுத்தோம். ஒவ்வொரு தரமும் கதவுத் தகட்டின் முதல் வரிக்குள் நின்றது. நாலாவது தரம் பரமேஸ் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போதும்மா. கெஸ்ட்டையும் கூட்டிட்டு வரச் சொல்லுவ போல."

"எத்தனை பேர் வாறவை?"

"என்னோட சேத்து நாலு."

"அப்ப நீங்களும் தங்கச்சியும், இன்னும் ரெண்டு பேர். செல்வம், பின்னுக்கு ஏறு. நானும் ஏறுறன்."

நிறுத்தோம். தோட்டக்காரர் ஜன்னலால் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அது எந்த மாதிரித் தலையாட்டல் என்று கடைசிவரை விளங்கவில்லை.

அன்றிரவு மறுபடி பனி கொட்டியது. வியாழன் காலை ஏழு மணி, வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. மோட்டல் முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளை. பரமேஸ் அக்கா சட்டைப் பையிலிருந்து நாலு எலுமிச்சை எடுத்தார். ஒன்றில் லேசாகப் புல் கறை இருந்தது.

"அது..." என்றான் செல்வம்.

"ஆமா, உன்ன அடிச்சதுதான். அன்னைக்குக் கீழ வச்சுட்டு வந்துட்ட. நான் எடுத்து வச்சேன்."

ஐயர் இல்லை. சக்கரங்களுக்கு முன்னால் கையால் பனியை வழித்து, அவரே வைத்தார். கறைபட்டதை இடது பின் சக்கரத்துக்கு வைத்தார். ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, கோயிலில் ஐயரைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"சொல்லு ஸ்டெல்லா. தாங்குமா?"

அதே கேள்வி. கவுண்டரில் கேட்ட அதே குரல் அல்ல.

வண்டியைச் சுற்றி நடந்தேன். தட்டில் மணல் மூட்டைகள் பின் அச்சுக்குப் பின்னால், நகராமல் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். நாலு சக்கரத்துக்கும் இழுவை போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். இடது பக்கம் தள்ள இடம் காலியாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்து வந்தேன். குளிரில் மூக்கு ஒழுகியது. அவர் அவசரப்படுத்தவில்லை, ஏழரைக்குள் கிளினிக் வாசலில் நிற்க வேண்டியவர் அவர்தான், ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

"ஓம்" என்றேன்.

வண்டி நகர்ந்தது. முன்னால் இரண்டு. நான் இடது பின் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அது சுழலவில்லை. ஏறியது, ஒரு கணம் தயங்கியது, இறங்கியது. வெள்ளையில் ஒரு மஞ்சள் திட்டு. ஒடுங்கிய பிளேட்டு ஈரப் பனியை இடது பக்கமாக மடித்துக்கொண்டே போய், வாசல் தாண்டி, கிளினிக் பக்கம் திரும்பியது. பாதியைத்தான் வழித்திருந்தது. மற்றப் பாதிக்கு அது திரும்பி வர வேண்டும்.

அது திரும்பி வருகிற சத்தம் கேட்கும்வரை செல்வமும் நானும் எலுமிச்சை மணத்தில் அப்படியே நின்றோம்.